தெருப் புகைப்படத்தில் பெற்றோரும் பிள்ளையும்: ரவாங், வட சிலாங்கூர்ச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழரின் சமூக வாழ்வை ஆராய்வோர் தோட்டப் பதிவேடுகள், அரசாங்க ஆண்டறிக்கைகள், நாளிதழ்கள், நாட்டார் பாடல்கள், சிறுகதைகள் முதலிய எழுத்துச் சான்றுகளையும் வாய்மொழிச் சான்றுகளையுமே பெரிதும் சார்ந்துள்ளனர். புகைப்படமோ பெரும்பாலும் நூலின் நடுப்பக்கங்களை அழகுபடுத்தும் இணைப்பாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அதனை ஒரு சான்றாகவும் ஒரு கலையாகவும் கொண்டு படிக்கும் முயற்சி தமிழில் குறைவாகவே உள்ளது.

இக்கட்டுரை தெருப் புகைப்படக்கலையில் பெற்றோர் - பிள்ளை உறவின் மனிதப் பண்புகள் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதை விளக்க முற்படுகிறது. ரவாங் நகரையும், அதனைச் சூழ்ந்து கோல சிலாங்கூர் வரை பரந்துள்ள வட சிலாங்கூர்த் தோட்டப் பகுதிகளையும் களமாகக் கொள்கிறோம். அன்பு, பொறுப்பு, நம்பிக்கை ஆகியவை கண்ணுக்குப் புலப்படாத பண்புகள். புகைப்படக் கருவியோ புறத்தோற்றத்தை மட்டுமே பதிவு செய்ய வல்லது. புறத்தைக் கொண்டு அகத்தைக் காட்டுவது எங்ஙனம் என்பதே நம் முதல் வினா. அவ்வாறு காட்டும்பொழுது படத்தில் இடம்பெறும் எளிய மக்களுக்கு நாம் எத்தகைய கடப்பாடு உடையோம் என்பது இரண்டாவது வினா.

தெருப் புகைப்படம்

பொதுவிடங்களில், மனிதரை நிறுத்தி வைக்காமலும் காட்சியை ஒழுங்குபடுத்தாமலும், இயல்பாக நிகழ்வதை நிகழ்ந்தவாறே எடுக்கும் படத்தைத் தெருப் புகைப்படம் என்பர். 1925ஆம் ஆண்டு லைக்கா என்னும் சிறு கருவி விற்பனைக்கு வந்ததும் இக்கலை விரைந்து வளர்ந்தது. முக்காலியும் பெரும் பெட்டியும் இன்றிக் கையடக்கமான கருவியுடன் கூட்டத்தினூடே நடமாட இயன்றதே அதற்குக் காரணம். பிரெஞ்சுக் கலைஞர் ஹென்ரி கார்ட்டியே-பிரெசோன் 1952ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பதிப்பு, 'தீர்வான கணம்' என்று பொருள்படும் தொடரை உலகெங்கும் பரப்பியது. வடிவமும் பொருளும் ஒரே நொடியில் ஒன்றுகூடும்பொழுது படம் பிறக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். நியூயார்க் நகரின் எளிய தெருக்களில் விளையாடிய பிள்ளைகளை 1930களின் இறுதியிலிருந்து படமெடுத்த ஹெலன் லெவிட், குழந்தைகளின் உலகம் தெருப் புகைப்படத்துக்கு எத்துணை வளமான பொருள் என்பதை நிறுவினார்.

நம் களத்தில் தெரு என்னும் சொல்லைச் சற்று விரித்தே பொருள்கொள்ள வேண்டும். ரவாங் நகரின் பழைய கடைவரிசைகளின் அஞ்சடி, காலைச் சந்தை, இரவுச் சந்தை, தொடர்வண்டி நிலையம், பள்ளி வாயில், கோயில் திடல், செம்பனைக்கு நடுவே செல்லும் செம்மண் சாலை ஆகிய யாவும் இதனுள் அடங்கும். தோட்டப்புறத்தில் வீட்டுக்கும் தெருவுக்கும் இடையேயுள்ள எல்லை நகரத்தைப் போலத் தெளிவானதன்று. லயத்து வீட்டின் வாசற்படி ஒரு குடும்பத்தின் அமர்விடமாகவும் ஊரின் பொதுவிடமாகவும் விளங்கியது. இவ்வியல்பு படமெடுப்போரின் அறப்பொறுப்பை மேலும் கூட்டுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மெய்ப்பாடு என்னும் திறவுகோல்

அகத்தில் எழும் உணர்வு உடலின்கண் வெளிப்பட்டுப் பிறர்க்குப் புலனாவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்துள்ளது. செய்யுளுக்கென வகுக்கப்பட்ட இக்கோட்பாடு புகைப்படத்துக்கும் பொருந்துவதாகும். கருவி பதிவு செய்வது அன்பை அன்று. அன்பு உடலில் விட்டுச்சென்ற குறியையே ஆகும். ஆகவே, பண்பைத் தேடும் புகைப்படக்காரர் முதலில் உடற்குறிகளைப் படிக்கக் கற்க வேண்டும்.

பயிற்சி குறைந்தோர் புன்னகையையே அன்பின் அடையாளமாகக் கொள்வர். கருவியைக் கண்டதும் எவரும் புன்னகைப்பர். அதனால் அதன் சான்று மதிப்புக் குறைவு. கைகளே பெரும்பாலும் உண்மை பேசுகின்றன. ரவாங் சந்தைக்கு எதிரே சாலையைக் கடக்கும் தாய் தன் பிள்ளையின் விரல்களைப் பிடிப்பதில்லை, மணிக்கட்டைப் பிடிக்கிறாள். விரல் நழுவும், மணிக்கட்டு நழுவாது. வாகனம் வரும் பக்கத்தில் தன் உடலை நிறுத்திப் பிள்ளையை மறுபக்கம் கொள்கிறாள். மாலை மழையில் பள்ளியிலிருந்து வரும் தந்தையும் மகளும் ஒரே குடையின் கீழ் நடக்கும்பொழுது குடை மகள் பக்கம் சாய்ந்திருக்கும். தந்தையின் ஒரு தோள் நனைந்திருக்கும். உணவுக்கடையில் சூடான தேநீரைத் தட்டில் ஊற்றி ஆற்றித் தரும் பாட்டியின் கவனம் முழுதும் அத்தட்டின் விளிம்பில் நிற்கும். இவற்றுள் எதிலும் முகம் சிறப்பாக எதையும் சொல்வதில்லை. மணிக்கட்டும் நனைந்த தோளும் சாய்ந்த தட்டுமே பண்பைச் சொல்கின்றன.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் இவ்விடத்தில் நமக்கு மற்றொரு பாடத்தைத் தருகிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என வளரும் அதன் பருவங்களுட் பல குழந்தையின் ஓர் உடலசைவை மையமாகக் கொண்டவை. ஒரு காலை மடக்கிக் கையூன்றித் தலையெடுத்து ஆடுதல், கைகொட்டுதல், தளர்நடையிட்டு வருதல் ஆகியவை தனித்து நிகழ்வனவாக அங்குப் பாடப்படுவதில்லை. தாயின் நிலையில் நின்று அழைக்கும் ஒரு குரலுக்கு விடையாகவே அவை நிகழ்கின்றன. அதாவது, பிள்ளைமை என்பது இருவருக்கு இடையே நிகழும் ஒன்று. குழந்தையின் அழகிய முகத்தை மட்டும் நெருங்கி எடுக்கும் படம் அவ்விடைவெளியை இழந்துவிடுகிறது. அழைப்பவரையும் வருபவரையும் ஒரே சட்டத்துள் அமைத்து, இருவருக்கும் நடுவிலுள்ள நான்கடி நிலத்தையும் சேர்த்துக் காட்டும் படமே உறவைக் காட்டும் படமாகிறது.

இவ்வுறவு குழந்தைப் பருவத்தோடு முடிவதுமன்று. தொண்ணூறு வயதுத் தாய்க்கு அறுபது வயது மகன் பிள்ளையே. வங்கி முகப்பில் தந்தைக்கு வந்த கடிதத்தைப் படித்துப் பொருள் கூறும் மகள், மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்தின் படியில் தாயை முதலில் ஏற்றிப் பின்னால் தானும் ஏறும் மகன் ஆகியோரிடம் பழைய மணிக்கட்டுப் பிடி திசைமாறி நிற்கிறது. பெற்றோர் - பிள்ளை என்னும் பொருளைத் தேடுவோர் சிறு குழந்தைகளை மட்டும் பின்தொடர்வது குறையுடைய நோக்காகும்.

செவிலியின் நோக்கு

படமெடுப்பவர் எந்நிலையில் நின்று காண வேண்டும் என்னும் வினாவுக்கும் சங்க இலக்கியம் ஒரு முன்மாதிரியை வழங்குகிறது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார் பாடிய செவிலி கூற்றுப் பத்து உள்ளது. தலைவியின் இல்லறத்தைக் கண்டுவரச் சென்ற செவிலித்தாய், தான் கண்டதை நற்றாயிடம் கூறுவதாக அப்பாடல்கள் அமைந்துள்ளன. கணவனும் மனைவியும் இடையே புதல்வனும் கிடந்த காட்சியை, குட்டியை நடுவே கொண்ட மான் இணைக்கு ஒப்பிடுகிறாள் அவள்.

இங்கே கருதத்தக்கவை மூன்று. முதலாவது, செவிலி அக்காட்சியினுள் நுழைந்து அதைக் கலைக்கவில்லை. இரண்டாவது, அவள் அந்நியள் அல்லள். அவர்தம் நலத்தில் பங்குடையவள். மூன்றாவது, தான் கண்டதை யாரிடம் கூற வேண்டுமோ அவரிடமே கூறுகிறாள்; ஊரார் வாயில் அதனைப் போடவில்லை. கலையாமை, உறவுடைமை, உரியவரிடம் சேர்த்தல் என்னும் இம்மூன்றையும் தெருப் புகைப்படத்தின் ஒழுக்கமாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. மேனாட்டுத் தெருப் புகைப்பட மரபில் முதலாவது மிக வலியுறுத்தப்படுகிறது. ஏனைய இரண்டும் அத்துணை வலியுறுத்தப்படுவதில்லை.

உலகப் படங்கள் உணர்த்துவன

1936ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்கக் கலிபோர்னியாவில் நிபோமோ என்னும் ஊரிலிருந்த பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் டொரோதியா லாங் ஒரு தாயையும் அவளுடைய பிள்ளைகளையும் படமெடுத்தார். 'புலம்பெயர்ந்த தாய்' எனப் பெயர்பெற்ற அப்படம் இருபதாம் நூற்றாண்டின் மிகவும் அறியப்பட்ட படங்களுள் ஒன்று. பிள்ளைகள் முகத்தைத் திருப்பித் தாயின் தோளில் புதைந்திருக்க, தாய் கன்னத்தில் கைவைத்துத் தொலைவை நோக்கியிருக்கிறாள். அவளிடம் பெயரைக்கூட லாங் கேட்டுக்கொள்ளவில்லை. படம் வெளிவந்ததும் அம்முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. ஆனால், அதற்குள் அக்குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் அவளுடைய பெயரை உலகம் அறிந்தது 1978ஆம் ஆண்டில்தான். அப்படத்தால் தமக்கு எப்பயனும் விளையவில்லை என்னும் மனக்குறையை அவர் வெளிப்படையாகவே தெரிவித்தார். படம் பிறர்க்கு நன்மை செய்தது; படத்திலிருந்தவரை அது சென்றடையவில்லை. செவிலியின் மூன்றாம் பண்பு அங்குக் குறைந்தது எனலாம்.

1955ஆம் ஆண்டு எட்வர்ட் ஸ்டைக்கன் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'மனிதக் குடும்பம்' என்னும் கண்காட்சியை அமைத்தார். 68 நாடுகளிலிருந்து 503 படங்கள் அதில் இடம்பெற்றன. பிறப்பு, தாய்மை, விளையாட்டு, உழைப்பு, இறப்பு என வாழ்வின் நிலைகள் எங்கும் ஒன்றே என்பதை அது காட்ட விழைந்தது. இன்று அக்கண்காட்சி லக்சம்பர்க் நாட்டின் கிளேர்வோ அரண்மனையில் நிலைபெற்றுள்ளது; 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. ஆயினும், பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1957ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இக்கண்காட்சியைக் கடுமையாகத் திறனாய்ந்தார். எல்லாரும் பிறக்கின்றனர், எல்லாரும் உழைக்கின்றனர் என்று கூறிவிட்டால், யார் எந்நிலையில் பிறக்கின்றனர், யார் யாருக்காக உழைக்கின்றனர் என்னும் வரலாறு மறைந்துவிடும் என்பது அவர் வாதம்.

இவ்விரு நிலைகளுள் ஒன்றை மட்டும் நாம் ஏற்க வேண்டியதில்லை. தாயன்பு எங்கும் உள்ளது என்பது மெய்யே. ஆயினும் அது எங்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. வட சிலாங்கூரில் அதன் விலை யாதாக இருந்தது என்பதை இனி நோக்குவோம்.

வட சிலாங்கூர்: படத்துக்குப் பின்னுள்ள வரலாறு

ரவாங் ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். 1894ஆம் ஆண்டு லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் சுரங்கத்தில் மின்னாக்கியை இயக்கியதால், இந்நாட்டில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்ட இடமாக அது குறிப்பிடப்படுகிறது. அதனைச் சூழ்ந்த நிலங்களில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. மேற்கே பத்தாங் பெர்சுந்தையில், 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரில், 1917ஆம் ஆண்டு நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்ரி ஃபோகொனியே உருவாக்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்த் தொழிலாளியின் நாவில் வழங்கிய சொல் உலகச் செம்பனைத் தொழிலின் வரலாற்றில் ஓர் இடப்பெயராய் நிலைத்தது நோக்கத்தக்கது.

இத்தோட்டங்களில் பெற்றோர் - பிள்ளை உறவு தொழிலின் நேர அட்டவணைக்குள் அடங்கியே நிகழ்ந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய தாய், உறங்கும் பிள்ளையைத் தூக்கிச்சென்று ஆயாக் கொட்டகையில் விட்டாள். பால்மரத்தை அதிகாலையில் வெட்டினால்தான் பால் மிகுதியாக வடியும். வெயில் ஏறினால் வடிதல் குறையும். ஆகவே, மரத்தின் இயல்பே தாயும் சேயும் பிரியும் நேரத்தைத் தீர்மானித்தது. சற்று வளர்ந்த பிள்ளைகள் மங்கு துடைத்தும் ஒட்டுப்பால் சேகரித்தும் பெற்றோருக்கு உதவினர். ஆயாக் கொட்டகையின் வாசலில் கையசைக்கும் ஒரு குழந்தையின் படத்தைக் காண்போர் இவ்வளவையும் அறிந்திருந்தால்தான் அப்படத்தின் பொருள் நிறைவுறும்.

காலனித்துவக் காலத்துப் படங்கள் இவ்வுறவைப் பெரிதும் கண்டுகொள்ளவில்லை. சிங்கப்பூரின் லம்பர்ட் நிறுவனம் முதலியவை விற்ற படங்களிலும் தோட்ட நிறுவனங்களின் தொகுப்புகளிலும் தமிழர் இன மாதிரிகளாகவோ வேலையாட்களாகவோ பெயரின்றி இடம்பெற்றனர். வாளியும் மரமும் துலக்கமாகத் தெரிந்தன. யார் யாருக்குத் தாய் என்பது தெரியவில்லை. 1948ஆம் ஆண்டு அவசரகாலத்தில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டபொழுது, தோட்டத் தொழிலாளர் பலருக்கு அதில் ஒட்டப்பட்ட படமே முதற்படமாக இருந்திருக்கக்கூடும். பெற்றோர் இறந்தபின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலை சூட்டும் வழக்கத்தை நம் வீடுகளில் இன்றும் காணலாம். அரசாங்கத்தின் கணக்குக்காக எடுத்த படமே பிள்ளைகளின் வழிபாட்டுக்குரிய படமாயிற்று. தாயும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் ஓர் இயல்பான படம் எத்துணை அரிய பொருளாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

பெற்றோரின் பண்பு மென்மையான வடிவத்தில் மட்டும் வெளிப்பட்டதன்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் இர. எ. நாதன் முதலியோர் தலைமையில் எழுந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஊதிய உயர்வுடன், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் இருந்தது. தோட்ட நிர்வாகிகளைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தந்தை சாலையில் இறங்கி நின்றதைப் பின்னிருக்கையிலிருந்த பிள்ளையும் கண்டிருக்கும். பொதுச் சாலையில் ஒரு தந்தை நிமிர்ந்து செல்வது அன்று போராடிப் பெற வேண்டிய உரிமையாக இருந்தது. இதனை அறிந்தபின், புக்கிட் ரோத்தான் சாலையில் மகனை முன்னிருத்திக் கப்சாய் மோட்டார் சைக்கிளில் செல்லும் ஒரு தந்தையின் எளிய படமும் நமக்கு வேறு பொருள் தருகிறது.

1990கள் தொடங்கி ரவாங்கைச் சூழ்ந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மேரி, நைகல் கார்டினர், சுங்கை திங்கி, மிஞ்ஞாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் தங்கள் வீடுகளுக்காகப் பல ஆண்டுகள் கோரிக்கை எழுப்பி வந்தமை நாடறிந்தது. லயமும் கொட்டகையும் மறைந்த இடத்தில் அக்குடும்பங்களின் வாழ்வைக் காட்டக்கூடிய சான்று, யாரோ ஒருவர் எடுத்து வைத்த படம் மட்டுமே என்னும் நிலை உருவாகியுள்ளது. தெருப் புகைப்படம் பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்து ஆவணமாகும் இடம் இதுவேயாகும்.

பத்துமலையில் கரும்புத் தொட்டில்

ரவாங்குக்குத் தெற்கே அமைந்த பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. வட சிலாங்கூர்த் தோட்ட மக்களும் அங்குத் திரள்வர். உலகெங்குமிருந்து வரும் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் அலகையும் காவடியையுமே நாடுகின்றனர். பெற்றோர் - பிள்ளை உறவை நாடுவோர்க்கு உரிய காட்சி அதனருகே அமைதியாகச் செல்லும் கரும்புத் தொட்டிலாகும்.

பிள்ளைப்பேறு வேண்டி நேர்ந்துகொண்டோர், பிள்ளை பிறந்ததும் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையைத் தூளியாக்கிக் குழந்தையைக் கிடத்தி, தந்தை முன்னும் தாய் பின்னுமாகத் தோளில் சுமந்து 272 படிகளை ஏறுவர். காட்சி நோக்கில் இது அரிய அமைப்புடையது. குழந்தை துணியினுள் மறைந்திருக்கும்; சில வேளைகளில் ஒரு பாதம் மட்டும் வெளியே தெரியும். ஆயினும், கரும்பு வளைவதால் குழந்தையின் எடை நமக்குப் புலனாகிறது. முன்செல்லும் தந்தை பிள்ளையைக் காண இயலாது, தோளில் உணர்கிறான். பின்வரும் தாயின் கண் துணியை விட்டு அகல்வதில்லை. படி ஏறும்பொழுது முன்பக்கம் உயர்வதால் தொட்டில் பின்னோக்கிச் சாயும். அதனைச் சமன்செய்யத் தந்தை தன் உயரத்தைக் குறைத்துக் குனிகிறான், தாய் கையை உயர்த்துகிறாள். இருவரும் ஒரு பேச்சுமின்றி ஒருவர்க்கொருவர் அளவு பார்த்து நடக்கின்றனர். பெற்றோராதல் என்பதன் இலக்கணத்தையே இக்காட்சி விளக்குகிறது எனின் அது மிகையாகாது. இதனை எடுப்போர் பக்கவாட்டில் நின்று மூவரையும் ஒரு சட்டத்துள் அமைத்தல் வேண்டும். முன்னிருந்து எடுத்தால் தந்தையின் வியர்வை மட்டும் கிட்டும், உறவு மறைந்துவிடும்.

நுட்பம் சார்ந்த சில குறிப்புகள்

பண்பைப் பதிவு செய்வதற்கு நுட்ப அறிவும் இன்றியமையாதது. முதலாவது, தொலைவு. 28 முதல் 50 மில்லிமீட்டர் வரையிலான வில்லைகள் மனிதரையும் அவர் நிற்கும் இடத்தையும் ஒருசேரக் காட்டுவன. நீண்ட வில்லையைக் கொண்டு தொலைவிலிருந்து முகத்தை மட்டும் பறித்தெடுக்கும் படத்தில் முதற்பொருளும் கருப்பொருளும் நீங்கி உரிப்பொருள் மட்டுமே எஞ்சும். நிலமும் பொழுதும் இல்லாத அன்பு எவ்வூர் அன்பு என்று சொல்ல இயலாது.

இரண்டாவது, உயரம். நின்றுகொண்டு எடுத்தால் பிள்ளை கீழே குறுகித் தெரியும். முழங்காலிட்டுப் பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து எடுத்தால் தாயின் கையும் தந்தையின் இடுப்பும் அதன் உலகத்தின் தூண்களாகத் தெரியும்.

மூன்றாவது, விரைவு. நடக்கும் மனிதரைத் தெளிவாகப் பெற 250இல் ஒரு பங்கு நொடி போதுமானது. ஓடும் பிள்ளைக்கு 500இல் ஒரு பங்கு நொடி வேண்டும். எனினும், காத்திருத்தலே இதனினும் பெரிது. உடற்குறிகள் ஒரு தாளத்தில் திரும்பத் திரும்ப வருபவை. பள்ளி வாயிலில் ஒரு தாய் மகனின் கழுத்துப்பட்டையை ஒருமுறை சரிசெய்தால், மணி அடிக்குமுன் மறுமுறையும் சரிசெய்வாள். முதல்முறை காண்பதற்கும் மறுமுறை எடுப்பதற்கும் என்று கொள்ளலாம்.

நான்காவது, ஒளி. நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டில் நண்பகல் வெயில் தலைக்கு நேர்மேலிருந்து விழுவதால் கண்குழிகள் இருண்டுவிடும். காலை ஒன்பதரை மணிக்கு முன்னரும் மாலை ஐந்து மணிக்குப் பின்னரும் ஒளி சாய்ந்து விழும். அஞ்சடியின் நிழலில் நிற்போருக்குச் சாலையிலிருந்து எதிரொளி கிட்டும். இங்கே ஒரு செய்தியை அழுத்திக் கூற வேண்டும். கருவியின் ஒளிமானி தான் காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு கணக்கிடுகிறது. வண்ணப் படச்சுருள்களின் நிறச் சீரமைப்பும் நெடுங்காலம் வெளிறிய தோலுடைய பெண்ணின் படத்தை அளவுகோலாகக் கொண்டே நிகழ்ந்தது. இதனால், வெள்ளைச் சுவரின் முன்னோ ஒளிமிக்க வானின் முன்னோ நிற்கும் கருநிறத் தமிழர் முகம் உருத்தெரியாமல் இருண்டுவிடும். முகத்துக்கு நேராக ஒளியை அளந்து எடுத்தால் இக்குறை நீங்கும். ஒரு தாயின் முகத்தை உரிய ஒளியில் காட்டுவது நுட்பத்தோடு மதிப்பும் சார்ந்த செயலாகும்.

பிள்ளையின் உரிமை

பொதுவிடத்தில் படமெடுப்பதை மலேசியச் சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை. ஆயினும், 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், வழக்குகளிலும் கொடுமைகளிலும் தொடர்புற்ற சிறாரின் படத்தையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடுவதைத் தடை செய்கிறது. 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறார் உரிமை உடன்படிக்கையை மலேசியா 1995ஆம் ஆண்டு ஏற்றது. பிள்ளையின் நலனே முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்பதும், பிள்ளைக்கும் தனிமைக்கான உரிமை உண்டு என்பதும் அதன் விதிகளுள் அடங்கும். சட்டம் தடுக்காதவை அனைத்தும் அறத்துக்கு உடன்பாடானவை ஆகா.

பெற்றோரின் இசைவும் முற்ற முடிந்த ஒன்றன்று. ஜப்பானின் மினமாத்தாவில் பாதரச நஞ்சால் தாக்குண்ட மகளைத் தாய் நீராட்டும் படத்தை 1971ஆம் ஆண்டு யூஜின் ஸ்மித் எடுத்தார். தெருவில் எடுக்கப்படாததாயினும் நம் பொருளுக்கு அது மிக நெருங்கியது. அக்கொடுமையை உலகம் அறிய வேண்டும் என்பதற்காகப் பெற்றோர் அன்று இசைந்தனர். 1977ஆம் ஆண்டு மகள் இறந்தபின்னும் அப்படம் எங்கும் வெளிவந்துகொண்டேயிருந்தது. மகளை இனி அமைதியாக இருக்கவிட வேண்டும் என்னும் பெற்றோரின் விருப்பத்தை மதித்து, 1990களின் இறுதியில் அதன் புதிய வெளியீடுகள் நிறுத்தப்பட்டன. அண்மைக் காலத்தில் அது மீண்டும் வெளிவந்துள்ளது. ஒருமுறை தந்த இசைவு என்றென்றைக்குமான இசைவா என்னும் வினா இன்றும் தீர்வுபெறவில்லை.

ரோலான் பார்த் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட தம் இறுதி நூலில், மறைந்த தம் தாய் ஐந்து வயதுச் சிறுமியாக நிற்கும் ஒரு பழைய படத்தைப் பற்றி நெடிது பேசுகிறார். நூலில் வேறு பல படங்கள் இருந்தும் அப்படத்தை மட்டும் அவர் வெளியிடவில்லை. அது தமக்கு மட்டுமே உரியது, பிறர்க்கு அது யாரோ ஒரு சிறுமியின் படம் என்று அவர் கருதினார். எடுக்கத்தக்க படங்கள் அனைத்தும் வெளியிடத்தக்கவை அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் களத்தில் இவ்வினாக்கள் நாள்தோறும் எழுகின்றன. தலைக்கவசமின்றி மூன்று பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் தந்தையின் படம் அன்பையும் வறுமையையும் ஒருங்கே காட்டும். ஆயினும், சமூக ஊடகத்தில் அது வெளியானால் அவனுக்குக் கிட்டுவது ஏளனமும் தண்டமுமே. பிள்ளையை அதட்டும் தாயின் ஒரு நொடி அவளுடைய நாள் முழுவதற்கும் சான்றாகாது. பிள்ளையின் பள்ளிச் சின்னம், பெயரட்டை, வாகன எண் ஆகியவை படத்தில் தெரிந்தால் தீயோர்க்கு அது வழிகாட்டியாகும். இவற்றுக்கெல்லாம் ஓர் எளிய அளவுகோல் உண்டு: இப்பிள்ளை வளர்ந்து முப்பது வயதில் இப்படத்தைக் கண்டால் தன் பெற்றோரை எண்ணிப் பெருமிதம் கொள்ளுமா, இளிவரல் கொள்ளுமா? பெருமிதமும் இளிவரலும் எட்டு மெய்ப்பாடுகளுள் இரண்டு என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

உரியவரிடம் படத்தைச் சேர்ப்பதும் இவ்வறத்தின் பகுதியே. படமெடுத்தபின் காட்டி, வேண்டாமென்றால் அழித்து, விரும்பினால் ஒரு படியை அச்சிட்டுக் கொடுத்தல் அரிய செயலன்று. ஒரே ஊரில் தொடர்ந்து படமெடுப்போருக்கு அது எளிதாகவும் கைகூடும்.

பிள்ளை கையில் கருவி

இறுதியாக, நோக்கின் திசையை மாற்றும் ஒரு வழியையும் சுட்ட வேண்டும். மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ம. பழனிக்குமார், தூய்மைப் பணியாளர் உள்ளிட்ட உழைக்கும் மக்களின் வாழ்வைப் படமாக்கி வருபவர். மீன் விற்று வாழ்ந்த தம் தாயாரின் உழைப்பையும் அவர் படமாக்கியுள்ளார். 2022ஆம் ஆண்டின் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்கு வழங்கப்பட்டது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் படக்கலையைக் கற்பிக்கும் பணியையும் அவர் மேற்கொண்டுள்ளார். தாயைப் பிள்ளை படமெடுக்கும்பொழுது இரக்கம் நீங்கி மதிப்பு எஞ்சுகிறது. பிள்ளைக்குத் தாயின் பெயர் தெரியும். அவள் எழும் நேரம் தெரியும். எந்தக் கை வலிக்கும் என்பதும் தெரியும்.

வட சிலாங்கூர்த் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு, இன்று கைப்பேசியிலேயே கருவி உள்ள நிலையில், தம் பெற்றோரின் ஒரு நாளைப் பத்துப் படங்களில் பதிவு செய்யும் பயிற்சியை அளிக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் இடம், நாள், பெயர், உறவு ஆகியவற்றைத் தமிழில் எழுதிவைக்கச் செய்தால், காலனித்துவப் படங்கள் எழுதாமல் விட்ட பெயர்கள் இனியேனும் எழுதப்படும். அப்படங்களை வெளியிடுவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்பதை அக்குடும்பமே முடிவு செய்யட்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், பெற்றோர் - பிள்ளை உறவின் பண்புகள் முகத்தைக் காட்டிலும் கை, தோள், நடை ஆகிய மெய்ப்பாடுகளில் சிறப்பாக வெளிப்படுகின்றன என்பதும், நிலத்தையும் வரலாற்றையும் உடன்காட்டும் படமே அப்பண்புகளின் மதிப்பை உணர்த்துகிறது என்பதும் பெறப்படும். தோட்டங்கள் மறைந்துவரும் வட சிலாங்கூரில் இப்படங்கள் வருங்கால ஆய்வாளருக்கு மட்டுமின்றி, அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் தேவைப்படும். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலையிட்ட ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு, தங்கள் பாட்டி குடையைச் சாய்த்துப் பிடித்து நடந்த ஒரு படமேனும் கிடைக்குமாயின், இக்கலை தன் கடமையைச் செய்ததாகக் கொள்ளலாம்.